படப்பெட்டிக்கு மோட்டார்

1958, டிசம்பர் 4, வியாழன்

காலையிலிருந்து தூறல். டூரிங் சினிமாக் கொட்டகைக்குள் தண்ணீர். மணல் மேடெல்லாம் கரைந்துவிட்டது. காட்சி ரத்து. எனக்கு நல்லதுதான். படப்பெட்டி தூக்க வேண்டாம்.

மோட்டார் வந்து சேர்ந்தது. திருச்சியில் பழைய இரும்புக் கடை. சாக்கில் கட்டி, பஸ் கூரையில் போட்டு, இலுப்பூர் வரை கழுத்து வலிக்க மேலேயே பார்த்துக்கொண்டு வந்தேன். பட்டாளத்தில் பாட்டரி சார்ஜ் பண்ண வைத்திருந்ததாம். பெரிய பூசணிக்காய் அளவு. இதற்காக என் மனைவி மேரியின் இரண்டு ஆடும் போயிற்று. கயிற்றை என் கையில் கொடுக்கும்போது சொன்னாள்: "இது ஓடலன்னா நானும் ஒண்ணும் கேக்க மாட்டேன், நீங்களும் ஒண்ணும் சொல்லப்படாது." சண்டை போட்டிருந்தால் தேவலை.

செய்ய வேண்டியது:
முன் சக்கரத்துக்கு மேலே மோட்டார் உட்கார இரும்புச் சட்டம். கொல்லரிடம்.
டயரில் உரசுகிற உருளை. புதுக்கோட்டை லேத்தில்.
உருளையை ஏற்றி இறக்க லீவர்.
பெட்ரோலுக்கு டப்பா.
முதலாளியிடம் என்ன சொல்வது. (இதுதான் கஷ்டம்.)

டிச. 6, சனி

நேற்று மேட்டுப்பட்டி போகிற வழியில் மூன்று இடத்தில் இறங்கி நின்றேன். இளைப்பு. நெஞ்சுக்குள் பூனை கத்துகிற மாதிரி. போன வருஷம் ஒரு மிதியில் போன தூரம். நாலு மைல்தான். வயது நாற்பத்திரண்டுதான்.

ஒரு படம், ஒரே பிரதி, முதலாளிக்கு இரண்டு கொட்டகை. இங்கே ஆறரைக்கு ஆரம்பம், மேட்டுப்பட்டியில் எட்டுக்கு. படத்தை மூன்று பங்காக்கி, இங்கே ஓடி முடிந்த பங்கை நான் சைக்கிளில் அங்கே கொண்டுபோக வேண்டும், திரும்பி வந்து அடுத்ததை எடுக்க வேண்டும். போக இருபத்தைந்து நிமிடம், வர இருபத்தைந்து. அப்படி மிதித்தால் அங்கே படம் நிற்காது. இப்போது எனக்கு முப்பத்தைந்து ஆகிறது. மேட்டுப்பட்டிக்காரன் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு விசில் அடிக்கிறான்.

முதலாளி இன்று கூப்பிட்டுச் சொன்னார். "சூசை, பத்தொம்போதாந் தேதி புதுப்படம். சனம் கூடும். அங்கிட்டு அஞ்சு நிமிசத்துக்கு மேல தெரை வெள்ளையா நின்னுச்சுன்னா பெட்டிய தங்கவேலுகிட்டக் குடுத்துர்றேன். மனசுல வச்சிக்க."

தங்கவேல் அவர் மச்சினன். முப்பது வயது. தொடை இரண்டும் உலக்கை. இளைப்பு விஷயம் மேரியைத் தவிர யாருக்கும் தெரியாது. பஸ் டிரைவர் வழிவிடச் சொல்லி ஹாரன் அடிக்கும்போதுகூட நான் ஓரம்கட்டி நின்று பீடி பற்ற வைப்பதுபோல் பாவனை செய்கிறேன். இருமுகிறவனுக்குப் பீடி நல்ல சாக்கு.

டிச. 9, செவ்வாய்

மோட்டாரைப் பின்னால் வைக்கலாம் என்றார் கொல்லர். வேண்டவே வேண்டாம் என்றேன். பின் கேரியரில் படப்பெட்டி. பழைய பிலிம் என்றால் ஒரு பொறி போதும், பெட்டியும் போகும் நானும் போவேன். புகைக்குழல் முன்னால், பெட்டி பின்னால், நடுவில் நான். சூடு முதலில் என்னைத் தொடட்டும்.

சட்டம் பொருந்தவில்லை. அரை அங்குலம் இடித்தது. கொல்லர் முணுமுணுத்துக்கொண்டே அறுத்தார்: "சைக்கிளுக்கு எதுக்குய்யா மோட்டாரு, காலு இருக்கையில." காலுக்கு என்ன, கால் நன்றாகத்தான் இருக்கிறது.

சாப்பாடு: கஞ்சி, துவையல். மழை இல்லை.

டிச. 12, வெள்ளி

எண்ணெய் விவகாரம். திருச்சிக் கடைக்காரன் சொன்னது: "பெட்ரோல்ல எண்ணெ கலந்துதான் ஊத்தணும், மறந்துறாதீங்க." எந்த எண்ணெய் என்று கேட்காமல் வந்துவிட்டேன். மடையன்.

கொட்டகை ஜெனரேட்டருக்கு வைத்திருக்கிற மொபில் ஆயில் முதலாளி பூட்டில். கேட்டால் எதற்கு என்பார். யோசித்து யோசித்து, இலுப்பெண்ணெய் என்று முடிவு செய்தேன். இந்த ஊரில் எண்ணெய்க்கா பஞ்சம். கோயில் விளக்கிலும் அதுதான், ஏழை வீட்டு வாணலியிலும் அதுதான். கரி பிடிக்காது. வழவழப்பு அதிகம். ஒரு கரண்டி பெட்ரோலில் விட்டுக் கலக்கினேன். வெயிலில் தேன் மாதிரி கலந்தது. இருந்த நான்கு பாட்டில் பெட்ரோலிலும் கலந்து வைத்துவிட்டேன். பட்டாளத்துக்காரனுக்குக்கூட இந்த யோசனை வந்திருக்காது என்று கொஞ்சம் கர்வம்.

மேரி எண்ணெய்ப் புட்டியை அடுப்பு ஓரமாக நகர்த்தி வைத்திருக்கிறாள். ஏன் என்று கேட்கவில்லை. நான் என் திருகுகளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

டிச. 14, ஞாயிறு

ஓடிவிட்டது.

பூசை முடிந்து, மத்தியானம் இரண்டு மணிக்கு, சந்தைத் திடலில். தள்ளிக்கொண்டு ஓடி, ஏறி உட்கார்ந்து, லீவரை இறக்கினேன். உருளை டயரில் பட்டது. இரண்டு தும்மல். அப்புறம் பிடித்துக்கொண்டது. காலை மிதியில் சும்மா வைத்திருந்தேன். சும்மா. நெஞ்சில் பூனை இல்லை. கண்ணில் தண்ணீர், காற்றினால் என்று சொல்லிக்கொண்டேன்.

இலுப்பெண்ணெய் வாசனையோடு புகை. ஆபரேட்டர் பக்கிரி மூக்கைப் பிடித்துக்கொண்டு, "என்னண்ணே, வண்டி ஓடுதா இல்ல யாராச்சும் பலகாரம் சுடுறாங்களா?" என்றான்.

மேட்டுப்பட்டிக்குப் பன்னிரண்டு நிமிடம். இரண்டு முறை போய்ப் பார்த்தேன். பன்னிரண்டு, பன்னிரண்டரை. மேரியிடம் சொன்னேன். அவள் கொட்டகையில் விற்கக் கடலை புடைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் "ஆடு நல்ல ஆடுங்க" என்றாள். சிரித்ததைப் பார்த்துவிட்டேன்.

டிச. 18, வியாழன்

மார்கழி பிறந்ததிலிருந்து சாயங்காலமே குளிர். துண்டைக் காதோடு கட்டிக்கொண்டு திரிகிறேன்.

முதலாளி வண்டியைப் பார்த்தார். சுற்றிச் சுற்றி வந்தார். திட்டுவார் என்று நின்றேன். "சைக்கிளு நம்ம டாக்கீஸுதுதானே?" என்றார். "ஆமாங்க மொதலாளி. மோட்டாரு என்னுது." "சரி சரி. நாளைக்கி ஓட்டிக் காட்டு." சைக்கிளைப் பற்றி ஏன் கேட்டார்?

டிச. 20, சனி, காலை

நேற்று நடந்ததை எழுதவே கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

முதல் நடை சரி. ஏழரைக்குக் கிளம்பினேன், பன்னிரண்டு நிமிடத்தில் மேட்டுப்பட்டி. அங்கே முதலாளியே வாசலில். தலையை ஆட்டினார். திரும்பி வந்து, இரண்டாம் பங்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு எட்டரைக்குக் கிளம்பினேன். கண்மாய்க் கரையில், சரியாகப் பாதித் தூரத்தில், மோட்டார் இருமி நின்றது. என்னைப் போலவே.

மிதித்துப் பார்த்தேன். மோட்டார் கனம், பெட்டி கனம். நூறு கஜம்கூட இல்லை. கரையில் உட்கார்ந்துவிட்டேன். நிலா இருந்தது. விளக்கு ஏற்ற முடியாது, பக்கத்திலேயே பெட்ரோலும் பிலிமும். நிலா வெளிச்சத்தில் கார்புரேட்டரைக் கழற்றினேன். உள்ளே பித்தளையில் ஒரு சின்னத் திருகு உண்டு, ஜெட் என்று பெயர். நடுவில் ஊசி முனை அளவு துவாரம். பெட்ரோல் அது வழியாகத்தான் போக வேண்டும். துவாரத்தை அடைத்துக்கொண்டு வெள்ளையாக, நெய் மாதிரி. விரலால் தொட்டேன். இலுப்பெண்ணெய். குளிரில் உறைந்துவிட்டது.

நெருப்பு காட்ட முடியாது. கம்பி இல்லை. ஜெட்டை வாயில் போட்டுக்கொண்டேன். நாக்குக்கு அடியில், பெட்ரோல் எரிய எரிய. இளகியதும் ஊத வேண்டும். ஊத மூச்சு எங்கே? மூன்று தடவை ஊதினேன், வரவில்லை. சேசுவே என்று நாலாவது. அடைப்பு போயிற்று.

இருபது நிமிடம் தாமதம். கொட்டகையில் கீற்றுத் தட்டியைப் பிய்த்துவிட்டார்கள். திரையில் மணலை வாரி இறைத்திருக்கிறார்கள். ஒரு கிழவி என்னைப் பார்த்து, "அந்தப் புள்ள பொழைச்சாளா செத்தாளான்னு தெரியாம ஒக்காந்திருக்கோம், நீ சாவகாசமா வாரியேப்பா" என்றாள். முதலாளி பக்கத்தில் வந்தார். பேச வாயைத் திறந்தேன். வார்த்தைக்குப் பதில் இழுப்புதான் வந்தது. ஐந்து நிமிடம் அப்படியே நின்றேன், அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நெஞ்சுல சங்கு ஊதுது. எத்தன நாளா?"

நான் பெட்டியைக் கட்டிய கயிற்றை அவிழ்த்தேன். "நாளைக்கி ஒரு வாட்டி பாக்குறேன்" என்று போய்விட்டார்.

வீட்டில் மேரி தலையில் அடித்துக்கொண்டாள். "மார்கழியில இலுப்பெண்ணெ ஒறையும்னு இந்த ஊர்ல பால்குடி மறக்காத புள்ளைக்கும் தெரியும். நான் எதுக்குப் புட்டிய அடுப்போரம் வைக்கிறேன்னு நெனச்சீங்க? ஒரு வார்த்த கேட்டிருக்கப்படாது?" கேட்டிருக்கலாம். பத்து வருஷமாக அந்தப் புட்டியைத் தாண்டித்தான் சோற்றுக்கு உட்காருகிறேன்.

டிச. 20, சனி, இரவு

மூன்று நடையும் சரியான நேரம்.

கலந்த பெட்ரோல்தான். வேறு இல்லை. புதிது வாங்கத் திங்கள்கிழமை புதுக்கோட்டை போக வேண்டும். அதனால் இப்படி: ஒவ்வொரு நடைக்கும் முன்னால் கொட்டகைக்குப் பின்னால் போய், ஜெட்டைக் கழற்றி, வாயில் ஒரு நிமிடம், ஊது, மாட்டு, கிளம்பு. யாரும் பார்க்கவில்லை. நாக்கு புண். கடலை தின்றால் கடலை மாதிரி இல்லை. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யவும் போகவில்லை, இந்த வாயோடு எப்படி.

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். சிரித்தார். பெட்டி என்னிடம்தான். நிம்மதி.

டிச. 21, ஞாயிறு

கொட்டகை வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையில் டிக்கெட் கட்டு.

மத்தியானம் முதலாளி கூப்பிட்டார். தங்கவேலும் நின்றான். "சூசை, நேத்து பாத்தேன். பிரமாதம். வண்டிதான் ஓடுது, நீ சும்மா ஒக்காந்திருக்க. அப்ப எவன் ஏறி ஒக்காந்தாலும் போகும்ல? வழியில நின்னுபோச்சுன்னா ஒன்னால மிதிக்க முடியாது, இவனால முடியும். சைக்கிளு டாக்கீஸுது. மோட்டாருக்கு ஒரு வெல சொல்லு, தந்துர்றேன். நீ கேட்டுல டிக்கெட் கிழி. பொங்கலுக்கு அப்புறம் கொட்டகை எங்கிட்டுப் போகுதோ, அப்பப் பாப்போம்."

பொங்கலுக்கு அப்புறம் கேட்டுக்கு அந்தந்த ஊர் ஆளைத்தான் வைப்பார். எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

என் நெஞ்சுக்காக நான் செய்த மோட்டார். அதனாலேயே என் கால் வேண்டாம் என்று ஆகிவிட்டது. நல்ல கெட்டிக்காரத்தனம். வயிறு எரிகிறது. பொய் சொல்ல மாட்டேன், எரிகிறது.

தங்கவேல் வணக்கம் போட்டுவிட்டு, "அண்ணே, எப்பிடி எடுக்கணும்னு சொல்லிக் குடுங்க" என்றான். சொல்லிக்கொடுத்தேன். தள்ளு, ஏறு, லீவரை இறக்கு. "வேற ஏதும் பாத்துக்கணுமாண்ணே?"

"ஒண்ணுமில்ல தம்பி. போ."

7.30. முதல் நடை போனான்.

8.15. வந்துவிட்டான். முகமெல்லாம் பல். "பட்டு மாதிரி போகுதுண்ணே. நீங்க பெரிய ஆளு." அவன் கொஞ்சம் கெட்டவனாக இருந்திருக்கலாம்.

8.27. இரண்டாம் பங்குப் பெட்டியோடு கிளம்பினான். ஜெட் ஊதாமல் அப்படியே இருக்கிறது. நேற்றைவிடக் குளிர். சத்தம் சந்தைத் திடல் தாண்டி, பாலம் தாண்டி, மெலிந்து, நின்றது. தூரத்தில் சத்தம் கேட்காமல் போனதா, வண்டியே நின்றதா, இங்கிருந்து தெரியாது. இரண்டாம் நடையில் இரண்டு மைலுக்கு மேல் போகாது அது. கண்மாய்க் கரைதான். அவன் ஜெட்டைப் பார்த்ததில்லை. மோட்டாரோடு சேர்த்து மிதிப்பான், தாமதமாகப் போவான், முதலாளி திட்டுவார், பெட்டி என்னிடம் திரும்பும். மத்தியானத்திலிருந்து இதையே கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இருட்டில் நின்று என்ன அடைப்பு என்று பார்க்கத் தீக்குச்சி கிழிப்பானோ. இது இப்போதுதான் தோன்றுகிறது. அவன் பீடி குடிப்பான். பையில் தீப்பெட்டி உண்டு. பிலிமுக்குப் பக்கத்தில் விளக்கு காட்டாதே என்றுகூடச் சொல்லவில்லை.

மேரி கடலைச் சட்டியை இறக்கிவிட்டு வந்தாள். "அந்தத் தம்பிகிட்ட எண்ணெ ஒறையிற சங்கதிய சொன்னீங்களா?"

கிழித்த டிக்கெட்டுகளை எண்ணினேன்.

"ஒங்க நெஞ்சுக்காகத்தான் ஆட்டக் குடுத்தேன். அடுத்தவன நடுரோட்டுல நிறுத்தறதுக்கில்ல."

8.34. டிக்கெட் கட்டு மேரியிடம். பக்கிரியின் சைக்கிள், பின் சக்கரத்தில் காற்று கம்மி. மோட்டார் கிடையாது. கண்மாய் இரண்டு மைல். மிதிக்க வேண்டியதுதான்.