கழுத்தில் இல்லாத கட்டி

திண்டிவனம்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள லூசியா அக்காவுக்கு, மரியே வாழ்க.

நலமறிய ஆவல் என்று எழுதக் கை கூசுகிறது. நான் நலமாகத்தான் இருக்கிறேன் அக்கா. போன மாதமும் நலமாகத்தான் இருந்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போன் பண்ணினால் உன் குரலைக் கேட்டதும் இன்னொரு பொய் வந்துவிடும்.

உன் மகள் பிரின்சி கல்யாணத்தை அறிவித்து ஞாயிறு பூசையில் இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று என்று மாமா சொன்னார். அவளுக்கு மல்லாட்டையை வறுத்து வெல்லப்பாகில் உருண்டை பிடித்துத் தருவதாகச் சொல்லியிருந்தேன். இரண்டு டப்பா தயார்.

விஷயத்துக்கு வருகிறேன். என் கழுத்தில் கட்டி எதுவும் இல்லை. சென்னையில் நான் செய்துகொண்டது முகத்துக்கு. காதோரம் சின்னதாகக் கீறி, தொங்குகிற கன்னத்தையும் கழுத்தையும் இழுத்துத் தைத்தார்கள். மறுநாளே அனுப்பிவிட்டார்கள். தாடையைச் சுற்றிப் பட்டை இருந்ததே, ஊருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, கட்டி எடுத்தார்கள் என்றேன். அதை நீ புற்றுநோய் என்று எடுத்துக்கொண்டு அழுதாய். இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். நான் சொல்லவில்லை. நீ அழுதது எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

ஏன் செய்தாய் என்று கேட்பாய். விழுப்புரத்தில் பிரின்சி நிச்சயதார்த்தத்தன்று போட்டோக்காரர் என்னைப் பார்த்து, 'பொண்ணோட பெரியம்மா, நீங்க நிக்க வேணாம், ஒக்காந்துக்குங்க' என்று நாற்காலி இழுத்துப் போட்டார். உன்னைவிட ஏழு வயது சின்னவள் நான். எல்லோரும் சிரித்தார்கள், நீயும்தான். அறுபத்திரண்டு வயதிலும் இடுப்பு வரை முடி தொங்க நீ நிற்கிறாய். உன் பக்கத்தில் நின்றால் என்னை யார் பார்க்கிறார்கள்? பொறாமைதான் அக்கா, அதற்கு வேறு பெயர் இல்லை.

தண்டனை உடனே வந்தது. எங்கள் தெருவில் சேர்ந்து செபிக்கும் அன்பியத்துக்காரர்கள் வீடு தேடி வந்து மண்டி போட்டு செபமாலை சொன்னார்கள். ஞாயிறு பூசையில் நோயாளிகளுக்கான மன்றாட்டில் என் பெயர் வாசிக்கிறார்கள். பங்குச் சாமியார் வீட்டுக்கே நற்கருணை அப்பம் கொண்டுவந்தார். இந்தப் பொய்யோடு அதை வாங்கத் தைரியம் வரவில்லை, வாய் திறக்க வலிக்கிறது என்றேன். பாவம், என் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுப் போனார். தையல் பிரித்த டாக்டர் பத்து வயது குறைந்துவிட்டதாகச் சொல்கிறார். முகம் நன்றாகத்தான் இருக்கிறது. கண்ணாடி பார்க்கத்தான் பிடிக்கவில்லை.

இதையும் மறைத்தே இருப்பேன், முந்தாநாள் நீ போன் பண்ணியிருக்காவிட்டால். 'ஏண்டி மனச பேஜாராக்கிக்கினு கெடக்கற, உனக்காவ வேளாங்கண்ணில மொட்ட போட்டுக்கறேன்னு மாதா கிட்ட வேண்டிக்கினேன், சனிக்கெழம போறேன்' என்றாய். கல்யாணத்துக்குப் பத்து நாள்தானே இருக்கிறது என்றேன். 'அதனால இன்னா, அம்மாகாரி மொட்டையா நின்னா பொண்ணு கழுத்துல தாலி ஏறாதா' என்று சிரித்தாய்.

சனிக்கிழமை ரயில் ஏறாதே அக்கா. தபாலை நம்பாமல் இதை என் வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். மாதாவுக்குச் சொன்ன வாக்கை மீற உனக்கு மனம் வராது, தெரியும். அந்த மொட்டையை நான் போட்டுக்கொள்கிறேன். கல்யாணத்தில் காதுக்குப் பின்னால் இருக்கும் தழும்பைப் பார்த்து எல்லோரும் என்ன என்று கேட்பார்கள். சொல்கிறேன்.

வர வேண்டாம் என்று நீ சொன்னால் வரமாட்டேன். பிரின்சிக்கு என் ஆசீர்வாதம். எனக்காகச் செபம் செய்வதை மட்டும் நிறுத்திவிடாதே. இத்தனை நாள் அது எனக்குத் தேவைப்படவில்லை. இப்போது தேவைப்படுகிறது.

உன் தங்கை,
இருதயசெல்வி