ஒரே கம்பி, இரண்டு மடி

மே 6, சனி

கேளிக்கைப் பூங்கா இன்று திறந்தது. பனிக்காலம் முழுக்க மூடிக் கிடந்த மியூல் என்ற ரோலர் கோஸ்டர், முதல் ஏற்றத்திலேயே கடகடவென்று கிழவன் இருமுவதுபோல் இருமியது. எங்கள் பென்சில்வேனியாவில் இதைவிட உயரமான மரக் கோஸ்டர்கள் உண்டு. இதைவிட விலா எலும்பை நோகடிப்பது இல்லை.

கடைசி வரிசையில் வழக்கம்போல் நானும் ராபெர்ட்டாவும். ஆள் தூக்கி எறியப்படாமல் பிடிக்க இருவருக்கும் சேர்த்து ஒரே மடிக்கம்பி. அது யார் தொப்பை பெரிதோ அங்கே முட்டி நின்றுவிடும். என் தொப்பையில் நின்றது. பள்ளிப் பேருந்து ஓட்டும் ராபெர்ட்டா ஈர்க்குச்சி மாதிரி இருப்பாள். அவள் மடிக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு பூனை படுக்கலாம். ஒவ்வொரு பள்ளத்திலும் இருக்கையை விட்டு எழும்பி, கையைத் தூக்கி, கத்தித் தீர்த்தாள். நான் ஆணி அடித்ததுபோல் உட்கார்ந்திருந்தேன். தியாகி.

எங்கள் ரசிகர் கூட்டத்தில் ஒல்லிகள் எல்லோரும் என் பக்கத்தில் உட்காரப் போட்டி போடுவார்கள். நாலு வருடமாக ராபெர்ட்டா யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அழகுக்காக என்று நான் சொல்லிக்கொள்வதுண்டு.

மே 19

டாக்டரிடம் போனேன். சர்க்கரை. “இந்த வயித்தைக் குறைக்கலன்னா அடுத்த வருஷம் நீங்க வர வேண்டாம், நானே வந்து பார்க்கிறேன்” என்றார். எங்கே வந்து பார்ப்பார் என்று நான் கேட்கவில்லை.

மே 20

ஓட்ஸ் கஞ்சி. சுவரொட்டி ஒட்டும் பசைக்கு இதைவிட ருசி இருக்கும்.

ஜூன் 24

கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. எல்லோரும் பாராட்டுகிறார்கள். மியூலில் கம்பி மட்டும் பழைய இடத்தில் நிற்காமல் இன்னும் கீழே இறங்கியது. ராபெர்ட்டா எழும்பவே இல்லை.

“என்னய்யா லெஸ்டர், மியூலுக்கு வயசாயிடுச்சா? தூக்கவே மாட்டேங்குது!”

“மழையில மரம் ஊறிப் போச்சு” என்றேன். ஒரு வாரமாக மழையே இல்லை.

இறங்கும்போது அவள் ஃபிளாய்டைத் திரும்பிப் பார்த்தாள். ஃபிளாய்டு ஒஹாயோவிலிருந்து வருகிறவன். அவனுடைய தொப்பை அவனுக்கு முன்னாலேயே வந்துவிடும். எனக்கு வயிறு எரிந்தது. இருந்த கொஞ்சம் வயிறும்.

ஜூலை 4

சட்டைக்குள் ஒரு குளியல் துண்டை மடித்துச் சொருகிக்கொண்டு போனேன். கம்பி பழைய இடத்தில் நின்றது! ராபெர்ட்டா எழும்பினாள், கத்தினாள், இறங்கியதும் என் தோளில் ஓங்கி அடித்தாள். “பழைய மியூல் திரும்பி வந்துட்டான்!” சுதந்திர தின வாணவேடிக்கையை நான் சரியாகப் பார்க்கவில்லை. தோளையே தடவிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 15

குட்டு உடைந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். கம்பிகளை அழுத்திப் பார்க்கிற டுவேன் கையில் சிக்கிவிட்டேன். கம்பியை அழுத்தினான். மெத்தென்றிருந்தது. இன்னொரு தடவை அழுத்தினான்.

“லெஸ்டர் அண்ணே, உங்க வயித்துல வாத்து தெரியுது.”

சட்டைப் பொத்தான் நடுவே துண்டின் மஞ்சள் வாத்து எட்டிப் பார்த்தது. பேத்தி என் வீட்டில் விட்டுப் போன துண்டு. டுவேன் இழுத்தான். வந்தது, வந்துகொண்டே இருந்தது. மேடை முழுக்கச் சிரிப்பு. கம்பிக்கு அடியில் எதையும் வைக்கக் கூடாது என்று பலகையே இருக்கிறது. ஒரு மாதம் மியூல் பக்கமே வரக் கூடாது என்றுவிட்டார்கள்.

ராபெர்ட்டா சிரிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போய்விட்டாள். எதுக்குடா இந்த வேலை உனக்கு? அறுபத்தொரு வயசுல — வாத்து!

ஜூலை 16

போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஜூலை 22

வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். ராபெர்ட்டாவும் ஃபிளாய்டும், கடைசி வரிசை. நிஜத் தொப்பை, நல்ல இடைவெளி. ஆனால் அவள் கையைத் தூக்கவில்லை, கத்தவும் இல்லை. மனசு குளிர்ந்தது. கெட்ட புத்திதான், தெரியும்.

ஆகஸ்ட் 19

தடை முடிந்தது. வரிசையில் அவள் பின்னால் போய் நின்றேன். முகத்தைத் திருப்பாமலே ஆரம்பித்தாள்.

“அந்தத் துண்டு வழியில நழுவியிருந்தா? உனக்கும் கம்பிக்கும் நடுவுல அத்தனை இடம்! எழுபது பிள்ளைகளைத் தினம் உட்காரவெச்சுப் பேருந்து ஓட்டுறவ நான். பக்கத்துல ஒரு கிழட்டுப் பிள்ளை இப்படிப் பண்ணியிருக்கு, எனக்கே தெரியல.”

“நீ எழும்பணும்னுதான்...”

“அப்போ நான் உன் தொப்பைக்காகத்தான் வர்றேன்னு நினைச்சே?”

“ஆமா” என்றேன். வேறென்ன சொல்ல?

அப்போதுதான் திரும்பினாள். “பாதி நிஜம்தான்.”

மீதிப் பாதி என்னவென்று கேட்க வாயெடுத்தேன். ரயில் வந்துவிட்டது. கம்பி இறங்கி இருவர் மடியையும் தொட்டு நின்றது. வளைவில் அவள் சறுக்கி வந்து என் மேல் மோதினாள். மன்னிப்புக் கேட்கவில்லை.

அக்டோபர் 28

கடைசி நாள். பூங்கா முதலாளி ஸ்டோல்ஸ் மேடையேறி அறிவித்தார்: வசந்தத்தில் மியூலுக்குப் புது ரயில். பஞ்சு இருக்கை, உயரமான முதுகு, ஆளுக்கொரு மடிக்கம்பி. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்து தொப்பை போன வயிற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். இனி யாரும் யார் பக்கத்திலும் உட்காரலாம். அவள் சொன்ன நிஜமான பாதி போய்விட்டது. மிச்சப் பாதிக்கு எடை எவ்வளவு?

பயமாக இருக்கிறது.

மே 5

புது ரயில். வஞ்சகமில்லாமல் சொல்கிறேன், சொர்க்கம். விலா நோகவில்லை, முட்டி இடிக்கவில்லை, கம்பி தொடையில் பதமாக உட்கார்கிறது. முதல்முறையாக நானும் எழும்பினேன்! கத்தினேனாம்.

ராபெர்ட்டா யாரையும் கேட்காமல் என் பக்கத்து இருக்கையில்தான் வந்து உட்கார்ந்தாள். பழக்கதோஷமாக இருக்கலாம் என்று நினைத்தேன். இறங்கியதும் ஸ்டோல்ஸ் ஆவலாக, “எப்படி இருக்கு?” என்றார்.

“எல்லாம் சுகம்” என்றாள் ராபெர்ட்டா. “ஆனா ரெண்டு இருக்கைக்கும் நடுவுல ஒரு தடுப்பு வெச்சிருக்கீங்களே, அதை யார் கேட்டா? வளைவுல யார் மேலயும் போய் விழ முடியல.”

ஸ்டோல்ஸ் அது பாதுகாப்புக்கு என்று நீளமாக விளக்கினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. காது சூடாகிவிட்டது.

பிறகு சாலையோர உணவகத்துக்குப் போனோம். எப்போதும் எதிரெதிரே உட்காருவோம். இன்று எதிர் இருக்கையில் தன் கோட்டைப் போட்டுவிட்டு, என் பக்கம் வந்து நின்றாள்.

“தள்ளி உட்காருய்யா.”

கொஞ்சம்தான் தள்ளினேன்.