இரண்டாம் எண் பொத்தான்

என்னங்க,

ஆணியில் சாவி இல்லை என்று வீட்டைப் புரட்டிப் போடாதீர்கள். காரை நான்தான் டியூட்டிக்கு எடுத்துப் போகிறேன். சாப்பாடு மேசையில் மூடியிருக்கிறது. பத்து மணிக்குக் காரைப் பார்க்க மெக்கானிக் வந்தால் நாளைக்கு வரச் சொல்லுங்கள்.

என்னைக் கேட்காமல் பத்து வருஷப் பழைய ஜெர்மன் காரை வாங்கி வந்து நிறுத்தினீர்கள். "இந்த வயசுல ரேஸ் ஓட்டப் போறீங்களாக்கும்" என்றேன். நாலு நாளாக முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. இன்று காலை நீங்கள் காரில் விட்ட குடையை எடுக்கப் போனபோதுதான் டிரைவர் பக்கத்துக் கதவில், ஒவ்வொருவர் சீட் அளவையும் நினைவில் வைக்கும் அந்தப் பொத்தான்களைப் பார்த்தேன். இரண்டாம் எண்ணுக்குப் பக்கத்தில் துண்டுத்தாள் ஒட்டி, 'குட்டை மேடம்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஏறி உட்கார்ந்து அழுத்தினேன். சீட் தானாக முன்னால் நகர்ந்து, உயர்ந்து நின்றது. இத்தனை வருஷம் முந்தைய காரில் தலையணை போட்டு ஓட்டியவளுக்குக் காலும் எட்டியது, ரோடும் தெரிந்தது. நான் ஒருநாளும் ஏறாத காரில் எப்படி அளவு எடுத்தீர்கள்?

கோபம் இன்னும் தீரவில்லை. கேட்டிருக்கலாம்.

பி.கு: பக்கக் கண்ணாடி மட்டும் கொஞ்சம் தாழ்வு. சரிசெய்து இரண்டிலேயே பதிந்துவிட்டேன். உங்கள் ஒன்றாம் எண்ணைத் தொடவில்லை.

இன்னொன்று: சாயங்காலம் ஆறு மணிக்கு வாசலில் நில்லுங்கள். ஒரு சுற்றுப் போகலாம். நான் ஓட்டுகிறேன். தலையணை உங்களுக்கு.