புதுக்கை வைத்த பூட்டு

மார்ச் 2, திங்கள்

மதிய இடைவேளையில் லிஃப்ட் இயந்திர அறையிலேயே உட்கார்ந்து போனில் 'பூட்டறை' விளையாட்டில் இரண்டு பூட்டுகளைத் திறந்தேன். யாராவது ஓர் அறையைப் படங்களாகப் போட்டு, தடயங்களை ஒளித்து, எண்பூட்டு வைப்பார்கள். கண்டுபிடித்துத் திறக்க வேண்டும். அங்கே என் பெயர் 'திருகு'; சொன்னால் நாலு பேருக்குத் தெரியும். வீட்டில்தான் மதிப்பில்லை.

மகள் என்னோடு பேசி மூன்று வாரம். நான் ஆளைப் பிடித்து வாங்கிக் கொடுத்த ஆஸ்பத்திரி வேலையை ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டுவிட்டாள். வெளியூரில் வேறு வேலையாம். சனிக்கிழமை ரயில். "இனிமே என் மூஞ்சியில முழிக்காதே"ன்னு கத்தினேன். கோபத்தில் வந்த பேச்சு. அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடிக்கிறாள். "அவரைச் சாப்பிடச் சொல்லும்மா" என்று அறைக்குள்ளிருந்தே மனைவி வழியாகச் சேதி வருகிறது.

போகட்டும், எனக்கென்ன? — எனக்கென்னவா! சனிக்கிழமை வந்துவிடும்.

மார்ச் 3, செவ்வாய்

ஏழாவது மாடிக்கும் எட்டாவதுக்கும் நடுவே ஒரு கணக்கர் மாட்டிக்கொண்டார். கனத்த உடம்பு, மூச்சு வாங்குவது வெளியே கேட்டது. வழக்கம்போல முதலில் கதவைத் தொடவில்லை. "சார், நான் மெக்கானிக். இங்கயேதான் நிக்கறேன்" என்று குரல் கொடுத்தேன். உள்ளேயிருந்து பதில் வந்த பிறகுதான் கருவியை எடுப்பது. இல்லாவிட்டால் பயத்தில் இடுக்கில் கையை விட்டுவிடுவார்கள்.

வீட்டில் சொன்னேன். "மாட்டிக்கிட்டவங்ககிட்ட மட்டும் வாயில தேன் ஒழுகும்" என்றாள் மனைவி.

மார்ச் 4, புதன்



பூட்டறையில் 'புதுக்கை' என்று ஒரு புதுப் பெயர், எனக்கு மட்டும் ஒரு சுட்டி அனுப்பியிருந்தது. திறந்தால், எங்கள் சமையலறைக் கதவு! தாழ்ப்பாளைத் தலைகீழாக மாட்டிய மேதை உலகத்தில் நான் ஒருவன்தான். மகளேதான். அடுத்த படம் எங்கள் வாஷ்பேசின், கண்ணாடி, பக்கத்தில் குடை. கீழே ஒரு வரி: 'மூன்று வருடம் தினமும் நான் பார்த்த எண்.' மூன்று இலக்கம். நாளொன்றுக்கு மூன்று முயற்சி. வெள்ளிக்கிழமையோடு அறை மூடிவிடும்.

பேச மாட்டாளாம், பூட்டு வைப்பாளாம். யார் பெத்த பொண்ணு!

பிறந்த நாள். இல்லை. வீட்டு எண். இல்லை. என் பணியாளர் எண்ணைக்கூடப் போட்டேன், வெட்கம் கெட்டவன். இல்லை.

மாலையில் பொறுக்க முடியவில்லை. சுட்டியை எங்கள் புதிர்க் குழுவில் போட்டுவிட்டேன். ஒரு அறையில் மாட்டினால் குழுவில் போடுவது எங்கள் பழக்கம். யார் வைத்த பூட்டு என்று மட்டும் சொல்லவில்லை.

மார்ச் 5, வியாழன்

குழுவில் இருக்கும் 'பல்லி' தனியே எழுதியிருந்தான். "அண்ணே, சீக்கிரமே தெறந்துட்டோம். ஆனா உள்ள இருந்தது புதிர் இல்லண்ணே. ஒரு பொண்ணு அவங்கப்பாவுக்கு எழுதினது. பார்த்ததும் வெளிய வந்துட்டோம். உங்க வீடா? கண்ணாடியைப் பாருங்க."

அய்யோ. முட்டாள். வடிகட்டின முட்டாள். போய்ப் பார்த்தால் அறையே இல்லை, எடுத்துவிட்டாள். யார் யார் திறந்தார்கள் என்பது பூட்டு வைத்தவருக்குத் தெரிந்துவிடும். எனக்குத் தெரியாததா?

வீட்டுக்குள் நுழைகிறேன், கூடத்தில் நிற்கிறாள். நேராக என் முகத்தைப் பார்த்தாள்.

"உனக்குன்னு வெச்சேன்ப்பா. முன்னபின்ன தெரியாத ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து தெறக்க விட்டிருக்கே."

"உள்ள என்னன்னு நான் பார்க்கலைம்மா..."

"நீ எப்பதான் பார்த்தே?"

கதவு. தாழ்ப்பாள். இரண்டு சத்தமும் இன்னும் காதில் கேட்கிறது.

மார்ச் 6, வெள்ளி

அந்த வாஷ்பேசின் படத்தைப் போனில் எடுத்து வைத்திருந்தேன். முகம் மழிக்கும்போது அதே கண்ணாடியின் முன்னால் நின்று பெரிதாக்கிப் பார்த்தேன். எதிர்ச்சுவரில் தொங்கும் அவள் கைப்பை கண்ணாடிக்குள் தெரிகிறது. பையின் வாயில் செருகிய பஸ் டிக்கெட். இடம் வலம் மாறியிருந்ததைத் திருப்பிப் படித்தேன். 317.

அடுத்தவர் அறையென்றால் முதலில் கண்ணாடியைத்தான் பார்த்திருப்பேன். தெரிந்த வீடு, தெரிந்த பெண் என்ற மெத்தனம். அதுதான் கண்ணை மறைத்தது.

"317 எங்க போற பஸ்?" என்று கேட்டேன்.

"ஸ்டேஷன் வழியா மூணு வருஷமா உங்க பொண்ணு ஆஸ்பத்திரிக்குப் போன பஸ். போக ஒரு மணி, வர ஒரு மணி, நின்னுக்கிட்டே. ஒரு நாளாவது கேட்டிருப்பீங்களா?" என்றாள் மனைவி.

நாள் முழுக்க வேலை ஓடவில்லை. நாளைக்கு ரயில். அறையும் இல்லை, பூட்டும் இல்லை. இனி எதைத் திறப்பது?

வீட்டுக்கு வந்ததும் அவள் கதவுக்கு வெளியே போய் நின்றேன். தட்டவில்லை.

"நான்தான். இங்கயேதான் நிக்கறேன்."

உள்ளே துணி மடிக்கும் சத்தம் நின்றது.

"எனக்குத் தெறக்கத் தெரியலைம்மா. பல்லி சொல்லித்தான் கண்ணாடியையே பார்த்தேன். நீ உள்ள என்ன எழுதியிருந்தேன்னு அவங்ககிட்ட கேக்கலை, கேக்கவும் மாட்டேன். நாளைக்கு அந்த 317-ல உன்கூட ஸ்டேஷனுக்கு வரட்டா?"

மனைவி அடுப்பை அணைத்துவிட்டுக் கையில் கரண்டியோடு நின்றாள். உள்ளேயிருந்து ஒரு திட்டுக்கூட வரவில்லையே என்று திரும்பப் போனேன்.

"மொத பஸ் ஆறரைக்கு. லேட் பண்ணினா விட்டுட்டுப் போயிடுவேன்."

கதவு திறக்கவில்லை. பரவாயில்லை.

மார்ச் 7, சனி

317-ல் உட்கார இடமில்லை. அவளுடைய பெட்டி என் கால்மேல்.

"உள்ள என்னதான் எழுதியிருந்தே?"

"'பெட்டி கனமா இருக்கு, தூக்க வர்றியா'ன்னு."

ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் துடைக்கக் கையும் இல்லை.

மார்ச் 8, ஞாயிறு

மதியம் புதுக்கையிடமிருந்து ஒரு சுட்டி. ஒரே ஒரு முயற்சிதான். ரயில் ஜன்னலின் படம். 'வண்டி நகரும்போது எந்தக் கையை ஆட்டினேன்? இடதுக்கு 1, வலதுக்கு 2.'

இடது. வலது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தாள். அதில் ஒரு விரலில் பிளாஸ்திரி இருந்தது. என்ன ஆச்சு என்று கேட்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

1 போட்டேன். திறந்தது.

'வந்து சேர்ந்துட்டேன். சாப்பிட்டாச்சு.'

குழுவில் பல்லி கேட்கிறான்: "திருகு அண்ணே, இன்னிக்கு புது அறை ஏதாவது இருக்கா?"

இல்லை என்று எழுதிவிட்டேன்.