தமிழுக்கு மூன்றை அழுத்தினால்

என் ஸ்டெல்லா அக்காவுக்கு,

நீ போனபின் உனக்கு எழுதுகிற முதல் கடிதம் இது. நலமா என்று கேட்க மனம் வரவில்லை. ஆனால் நேற்று மத்தியானம்கூட உன்னோடு பேசினேனே, அதை என்னவென்று சொல்வது?

ஹெப்பாள் கம்பெனியில் நீ உட்கார்ந்து போன் எடுத்த நாற்காலி காலியாகத்தான் கிடக்கிறது. ஆனால் அந்த எண்ணுக்கு அடித்து, தமிழுக்கு மூன்றை அழுத்தினால் நீ வருகிறாய். காய்ச்சல் உன்னைக் கொண்டுபோவதற்கு முன் நீ பதிவுசெய்து கொடுத்த குரலை வைத்துக் கம்ப்யூட்டருக்குப் பேசக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அம்மா தினமும் சாப்பிட்டதும் அடிக்கிறாள். எதையும் கேட்பதில்லை. நீ நன்றி சொல்லி முடிக்கும்வரை போனைக் காதிலிருந்து எடுப்பதுமில்லை.

முதலில் எனக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது. பார்வை இருக்கிறவர்கள் சுவரில் படம் மாட்டி மாலை போடுகிறார்கள். பிறவியிலேயே கண் தெரியாத நம் இருவருக்கும் ஆள் என்றால் குரல்தான். பிறகுதான் பயம் வந்தது. உன்னை அடக்கம் செய்தபிறகு கம்பெனி கட்டிய புதுக் கட்டடத்தின் பெயரை நீ சொன்னாய். அதற்கு வழியும் சொன்னாய். அக்கா, அங்கே நீ எப்போது போனாய்?

உன் வேலைக்கு நான் மனுப் போட்டேன். பார்வையில்லாதவர்களுக்கென்று கம்பெனியே வைத்திருந்த இடம் அது. நீ படித்ததைத்தான் நானும் படித்திருக்கிறேன். பதில் வராததால் போன் செய்து மூன்றை அழுத்தினேன். "தொலைபேசிப் பிரிவில் பணியிடம் காலி இல்லை," என்றாய். நான் அசடு மாதிரி, "அக்கா, நான் அமலி," என்றேன். "மன்னிக்கவும், புரியவில்லை," என்றாய்.

நேரில் போனேன். ஆள் எடுக்கிற அதிகாரி நம் தமிழ்க்காரர்தான்.

"அந்த வேலைய இப்ப மெஷினே பாத்துக்குதும்மா. ஆள் எதுக்கு?"

"அது மெஷின் இல்ல சார், எங்க அக்கா."

"அது வெளியில வாங்கின கம்ப்யூட்டர் வாய்ஸ்மா. எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்."

அவர் எதிரிலேயே அடித்து ஸ்பீக்கரில் போட்டேன். "தயவுசெய்து காயுங்கள்," என்றாய்.

நினைவிருக்கிறதா? கன்னடத்தில் 'காயிரி' என்றால் காத்திருங்கள். வீட்டில் தமிழும் வெளியில் கன்னடமுமாக வளர்ந்ததில் உன் நாக்கில் இரண்டும் ஒட்டிக்கொண்டன. சேலத்திலிருந்து ஒருவர், "காயறதுக்கு நான் என்ன வத்தலாம்மா?" என்று கேட்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாயே. ஆனாலும் கடைசிவரை நீ அதை மாற்றிக்கொள்ளவில்லை.

"எந்தக் கடையில சார் இந்தத் தமிழ் விக்கிறாங்க?" என்றேன்.

அவர் நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. "கம்ப்ளெயின்ட் இருந்தா அந்த நம்பருக்கே அடிங்க," என்றார்.

பஸ்ஸில் வரும்போது ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. உயிரோடு இருக்கிற குருடிக்கு இல்லாத வேலை செத்துப்போனவளுக்கு மட்டும் எப்படி இருக்கிறது? உனக்குச் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, சாவதற்குக்கூட அனுமதி கிடையாது.

அம்மாவிடம் சொல்லத்தான் நடுங்கினேன். அந்த இடம் எனக்கு வேண்டுமென்றால் உன் குரலை நிறுத்தச் சொல்ல வேண்டும். அம்மா உன்னை இரண்டாம் தடவை பறிகொடுக்க வேண்டும். நான் சொன்னதை அவள் முழுக்கக் கேட்டாள். கடைசியில், "நிறுத்தச் சொல்லிரு. செத்தும் வேலைக்குப் போறா எம் புள்ள. நான் ஒருத்தி அதக் கேட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கேன்," என்றாள்.

நேற்று அடித்தேன். தமிழுக்கு மூன்று, புகாருக்கு ஐந்து. அதையும் நீதான் எடுத்தாய். "என் அக்காவின் குரலை நிறுத்துங்கள். அந்த வேலையை உயிரோடு இருக்கிற ஒருத்திக்குக் கொடுங்கள்," என்று உன்னிடமே சொன்னேன்.

"என் அக்காவின் குரலை நிறுத்துங்கள்," என்று நீ திருப்பிச் சொன்னாய். ஒரு வார்த்தை பிசகவில்லை. "இது சரியென்றால், ஆம் என்று சொல்லுங்கள்."

நீ மறுபடியும் கேட்டாய். பக்கத்தில் நின்ற அம்மாதான் என் கையிலிருந்து போனை வாங்கி, "ஆம்," என்றாள்.

இன்னும் அவர்கள் நிறுத்தவில்லை. மாற்றுத்திறனாளிகள் ஆணையர் அலுவலகம்வரை போக வேண்டுமென்றாலும் போவேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து என் குரலில் பேசுவேன். நீ தூங்கு, அக்கா. இனி உன்னை யாரும் கூப்பிடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உனக்கு அடுத்துப் பிறந்தவள்,
அமலி