அந்த அயிலை கெட்ட மீனா?

பரணைத் துடைக்கலாம் என்று இன்று காலை ஏணி போட்டு ஏறினேன். ஓடாத ஃபேன் ஒன்று, கிழிந்த கிறிஸ்துமஸ் ஸ்டார், அதற்கும் அடியில் நம்முடைய பச்சைக் கட்டைப்பை. ஒரு காது அறுந்து சணல் கயிற்றால் முடிச்சுப் போட்டது. அந்த முடிச்சு உன் கை போட்டது. இழுத்து உதறியதும், கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரர் மூக்கைச் சுளித்தார்.

"இதுல இப்பவும் மீன் உளும்பு அடிக்கே. எறிஞ்சிரேன்" என்றார்.

எத்தனை சோப்பு போட்டு அலசியிருப்பேன். போகவில்லை. பைக்குள் நீ எனக்குத் தைத்துக் கொடுத்த மாஸ்க் கிடந்தது. உன் பழைய பூப்போட்ட நைட்டியின் துணி. காதில் மாட்ட உள்பாவாடை எலாஸ்டிக். அதோடு மடித்த தாள் ஒன்று, என் கையெழுத்தில். அரிசி, சிறுபயறு, நல்லமிளகு, வெளிச்செண்ணெய், இவருக்கு இழுப்பு மருந்து. கடைசி வரியில், எல்லா நாளும் எழுதுவதுபோல, "மீன்: நீ பார்த்து வாங்கு." ஏணியை விட்டு இறங்கினவள் இன்னும் குளிக்கவில்லை, சோறு பொங்கவில்லை. உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நானும் நீயும் ஒரே மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருபது வருஷம் இருந்தோம். உன் வீட்டுக்காரர் வளைகுடாவில். உங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தப் பெரிய வீட்டில் நீ ஒருத்தி, நாலு பேருக்குரிய சத்தத்தோடு. சனிக்கிழமை ஆனால் நாம் இரண்டு பேரும் கருங்கல் சந்தைக்குப் பஸ் ஏறுவோம். காய்கறி என் பொறுப்பு, மீன் உன் பொறுப்பு. தேங்காய்ப்பட்டணத்திலிருந்து வரும் மீன்காரிகள் உன் தலை தெரிந்தாலே பழைய மீனை அடியில் தள்ளுவார்கள். நீ பெருவிரலால் செவுளைத் தூக்குவாய், குனிந்து ஒருதரம் மூச்சை இழுப்பாய். "இது முந்தாநாள் மீனாக்கும்" என்பாய். அதோடு தீர்ந்தது. பேரமெல்லாம் அதற்கப்புறம்தான்.

"எனக்க மூக்கு இதுவரை பொய் செல்லினதில்ல ஏட்டி" என்பது உன் பெருமை. உண்மைதான். தெருவில் யார் வீட்டில் பால் அடிப்பிடிக்கிறது என்பதை உன் வீட்டு அடுக்களையில் நின்றே சொல்லிவிடுவாய். எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும்.

அப்புறம் அந்த நோய் வந்தது. சந்தையை அடைத்தார்கள். வீட்டுக்கு ஒருவர்தான் வெளியே போகலாம், அதுவும் மத்தியானம் வரைக்கும்தான் என்றார்கள். இவருக்கு மூச்சிழுப்பு. எனக்கு வந்தால் இவருக்கு வரும், இவருக்கு வந்தால் தாங்காது. நான் கவலைப்பட்டுக்கொண்டு கேட்டடியில் நின்றதைப் பார்த்துவிட்டு நீதான் சொன்னாய்.

"நீ வெளிய எறங்காண்டாம். எனக்கு யாரு இருக்கா, நான் நோயைக் கொண்டு வந்து யாருக்குக் குடுக்கப் போறேன்? பையைக் கேட்டுல தூக்கு, உள்ள லிஸ்டை வையி. மத்ததை நான் பாத்துக்கிடுகேன்."

வேண்டாம் என்று நான் ஒருதரம் சொன்னேன். ஒரே ஒருதரம். இன்னொரு தரம் சொல்லியிருக்கலாம்.

தினமும் காலையில் பையைக் கேட்டுக் கம்பியில் மாட்டுவேன். நீ மாஸ்க்கோடும் குடையோடும் வந்து எடுத்துப் போவாய். கடை முன்னால் சுண்ணாம்பில் வட்டம் போட்டிருந்ததையும், அதில் வெயிலில் நின்று பாதம் பொள்ளியதையும், கடைக்காரர் குறுக்கே கயிறு கட்டி மூங்கில் கம்பில் சாமானை நீட்டியதையும் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று கதையாகச் சொல்வாய். மாஸ்க்கில் ஆள் தெரியாமல், என்னைத்தான் என்று நினைத்து, பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸின் முதுகில் அடித்து "ஏட்டி, உன்ன வெளிய வராதேண்ணுல்லா சென்னேன்" என்று கத்தினாயாம். அதைச் சொல்லி நீ சிரித்த சிரிப்பில் இவர் உள்ளேயிருந்து எழுந்து வந்தார். மாஸ்க்குக்குமேல் உன் கண்கள் இரண்டும் கோடாகிப் போயின. அந்த மாதங்களில் உன் முகத்தில் நான் பார்த்ததெல்லாம் அந்தக் கண்கள்தான்.

மீன் மட்டும் ஊர் முக்கில் ஒரு டெம்போவில் வரும். வாரத்தில் இரண்டு நாள். ஐஸில் எத்தனை நாள் கிடந்ததோ தெரியாது. டெம்போ வந்தால் வட்டமாவது கயிறாவது, ஜனம் மொய்த்துவிடும். நீ அதில் புகுந்து, மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கி, செவுளைத் தூக்கி மணத்திப் பார்ப்பாய். நீ சொல்லக் கேட்டு நான் திட்டுவேன்.

"மாஸ்க்கை எறக்காதேண்ணு உனக்கு எத்தற மட்டம் செல்லணும்?"

"மீனுக்கு மட்டும் ஏட்டி. மத்ததுக்கு எறக்கல்ல. மூக்கைக் கெட்டிக்கிட்டு மீன் வாங்கணுமானா கருவாடு தின்னுட்டுக் கெடக்கலாம்."

எங்களுக்கு நல்ல மீன் கொடுக்கத்தான் நீ மாஸ்க்கை இறக்கினாய். அது எனக்கு அன்றும் தெரியும்.

அந்த நாள் வந்தது. நீ பையை மாட்டிவிட்டு நாலடி தள்ளி நின்றாய். வழக்கம்போல் கதை சொல்லவில்லை, வெயில் என்று நினைத்துக்கொண்டேன். நான் பையைத் திறந்தேன். அயிலை. நாற்றம் குப்பென்று முகத்தில் அறைந்தது. கண் வெளுத்து, வயிறு உடைந்து, செவுள் மண் நிறம். ஒரு வாரமாக டெம்போ வராமல் வீட்டில் மீன் இல்லை. பத்து நாளாக இவருக்கு மூச்சு முட்டு, எனக்கு உறக்கமில்லை. அந்த வெப்ராளம் முழுவதும் என் வாயில் வந்தது.

"இந்த மீனைப் பூனைகூடத் தின்னாது! மாஸ்க்கைக் கழத்தும்போ மூக்கையும் சேத்துக் கழத்தி எறிஞ்சிட்டியா? இழுப்புக்காரனுக்கு இதையா வாங்கிட்டு வருவா?"

தெருவே கேட்டிருக்கும். அப்படித்தான் கத்தினேன். நீ அருகே வந்து, மாஸ்க்கை இறக்கிவிட்டு, பைக்குள் முகத்தை விட்டாய். ஒருதரம் மூச்சை இழுத்தாய். இன்னொரு தரம் இழுத்தாய். தலையை நிமிர்த்தினபோது உன் முகம் முழுவதும் பார்த்தேன், மாதக்கணக்கில் பார்க்காத முகம். கன்னம் வற்றிப்போயிருந்தது. அதில் ஒரு திகைப்பு.

"ஒண்ணும் மணக்கல்லியே ஏட்டி. நல்ல மீனாக்கும்."

நான் அதை வீம்பு என்று நினைத்தேன். ஏமாந்துவிட்டு ஒத்துக்கொள்ள மனமில்லை என்று நினைத்தேன். நாறுகிற மீனில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒரு மனுஷி ஒன்றும் மணக்கவில்லை என்கிறாள், எனக்கு ஒரு சந்தேகம் வரவில்லை பார். மணம் போவதுதான் அந்த நோயின் அடையாளம் என்று அப்போது நம் தெருவில் யாருக்கும் தெரியாது. இருந்தாலும் உன் மூக்கை இருபது வருஷமாக அறிந்தவள் நான் அல்லவா. படாரென்று கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனேன். நீ போன பிறகு மீனைத் தென்னை மூட்டில் குழி தோண்டிப் புதைத்தேன். மூன்று நாள் அந்த இடத்தில் ஈ மொய்த்தது.

அடுத்த நாள் நான் பை மாட்டவில்லை. அதற்கடுத்த நாள் எழுந்து பார்த்தால், உன் சொந்தப் பை எங்கள் கேட்டில் தொங்கியது. உள்ளே இவருக்குரிய இழுப்பு மருந்து, இரண்டு டப்பா. தீர்ந்துபோகும் நாள் உனக்கு நினைவிருந்திருக்கிறது. எனக்கு வெட்கமாகிவிட்டது. உன்னை எப்படிக் கூப்பிடுவது, என்ன சொல்வது என்று காலையெல்லாம் அடுக்களைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். அந்த நேரத்தில் நீயே போன் போட்டாய்.

உன் தொண்டை கட்டியிருந்தது. பின்னால் கேட் கிறீச்சிடும் சத்தம், யாரோ ஒரு பெண்ணின் குரல்.

"ஏட்டி, ஒரு காரியம் கேக்கட்டா? உள்ளதைச் செல்லணும். அந்த அயிலை கெட்ட மீனா?"

நீ வேறொன்றும் சொல்லவில்லை. நான் கத்தினது உன் மனதில் கிடந்து அறுக்கிறது, சமாதானம் பேசத்தான் வழி தேடுகிறாய் என்று நினைத்தேன். விட்டுக்கொடுக்க எனக்குக் கிடைத்த வாய்ப்பு என்று நினைத்தேன். வாழ்க்கையில் நான் விட்டுக்கொடுத்ததே குறைவு. அன்று கொடுத்தேன்.

"இல்லட்டி, நல்ல மீன்தான். எனக்குத்தான் அன்னைக்கு வெறி. கறி வச்சுத் தின்னோம், மரச்சீனியும் கூட்டி."

நீ சிரித்தாய். சிரிப்பின் நடுவில் இருமினாய்.

"நான் சென்னேன்லா? எனக்க மூக்கு பொய் செல்லாது."

மனசு லேசாகி அன்று மத்தியானம் நான் நன்றாக உறங்கினேன்.

மூன்றாம் நாள் ஆம்புலன்ஸ் வந்தது. உடல் முழுக்க மூடின இரண்டு பேர் உன்னை நடத்திக் கூட்டிவந்தார்கள். உனக்கு மூச்சு வாங்கியது. ஏறுவதற்குமுன் எங்கள் கேட்டைக் காட்டிக் கையை ஆட்டினாய். பையை உள்ளே எடு என்றாயா, போய்வருகிறேன் என்றாயா தெரியவில்லை. நான் மாடியில் நின்று தலையை மட்டும் ஆட்டினேன். இறங்கி வரவில்லை. பயந்தேன்.

பத்து நாளில் முடிந்தது. சபைக் கோயிலில் சாவு மணி அடித்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. உன் வீட்டுக்காரருக்கு விமானம் இல்லை. போனில் யாரோ காட்டின படத்தில்தான் அடக்கத்தைப் பார்த்தார். கல்லறைத் தோட்டத்தில் ஐந்தாறு பேர், எல்லாரும் மூடின உருவங்கள், யார் பாஸ்டர் என்றுகூடத் தெரியவில்லையாம். உன் முகத்தை யாரும் பார்க்கவில்லை. ஊரில் அதைக் கடைசியாகப் பார்த்தவள் நான்தான், நாறின மீன் பையிலிருந்து அது நிமிர்ந்தபோது. எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை.

அடுத்த வருஷம் உன் வீட்டுக்காரர் வந்தார். எங்கள் வராந்தாவில் மாஸ்க்கோடு உட்கார்ந்தார். சாயாவைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒண்ணு மட்டும் எனக்கு வெளங்கல்ல. காய்ச்சல் பாக்க ஆஸ்பத்திரிலேருந்து ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்து, மணம் தெரியுதாண்ணு கேட்டாளாம். 'ஒரு நிமிசம் நில்லு மக்கா'ண்ணு அவளை நிறுத்தி வச்சுட்டு உங்களுக்குப் போன் போட்டிருக்கா. நீங்க நல்ல மீனாக்கும்ணு செல்லியிருக்கிய. ஒடனே, மணமெல்லாம் நல்லா உண்டு, சளிதான்ணு அந்தப் பிள்ளையிட்ட செல்லி அனுப்பிட்டா. அன்னைக்கு ராத்திரி எனக்கிட்ட சிரிச்சுட்டே செல்லினா. டாக்டரு செல்லுகாரு, அன்னைக்கே கொண்டு வந்திருந்தா பாத்திருக்கலாமாம். அவளுக்கு மட்டும் மணம் எப்பிடிப் போகாம இருந்துது?"

அந்தக் கேட் சத்தம் என் காதில் மறுபடி கேட்டது. நீ ஏன் அடுக்களைக்குப் போய்க் காப்பித்தூளை மணத்திப் பார்க்கவில்லை? அதற்கும் எனக்குப் பதில் தெரியும். மூக்கென்றால் உனக்கு மீன்தான். மீனில் தோற்கவில்லை என்று நான் சொன்னால் உனக்குப் போதும். என் வாயை நம்பினாய். அதுவும் யார் முகத்துக்கு நேரேயும் உள்ளதைச் சொல்லிக் கெட்ட பெயர் வாங்கின வாயை.

அவர் பதிலுக்குக் காத்திருந்தார். "எல்லாருக்கும் போகாதுண்ணு செல்லுகாவ" என்றேன். அது இரண்டாவது பொய்.

இப்போது கருங்கல் சந்தைக்கு நான் தனியாகத்தான் போகிறேன். யாரும் மாஸ்க் போடுவதில்லை. நான் போடுகிறேன், சிரிக்கிறார்கள். மீன்காரி முன்னால் குனிந்து, மாஸ்க்கை இறக்கி, செவுளைத் தூக்கி மணத்திப் பார்க்கிறேன். எனக்கு உன்னைப்போல வராது. நாறினால் மட்டும் தெரியும். தெரிந்தால் நாறுகிறது என்று உரக்கச் சொல்லிவிடுகிறேன், யார் முகம் வாடினாலும் சரி. அயிலை மட்டும் வாங்குவதில்லை. ஏன் என்று இவர் கேட்பதை நிறுத்திவிட்டார்.

உன் வீட்டுக்காரர் வளைகுடாவை முடித்துக்கொண்டு கிறிஸ்துமஸுக்கு ஊரோடு வருகிறாராம். நேற்றுப் போன் செய்தார். வீட்டைத் திறந்து தூசி தட்டி வைக்கச் சொன்னார். வைப்பேன். வந்ததும் சாயா போட்டுக் கொடுப்பேன். அந்தக் கேள்வியை அவர் மறுபடி கேட்காவிட்டாலும் பதிலைச் சொல்லிவிடுவேன். அப்புறம் அவர் என் முகத்தில் விழிக்காவிட்டால் அது நியாயம்தான். ஆனால் முதலில் கேட்டவள் நீ. உள்ளதைச் சொல்லச் சொல்லித்தான் கேட்டாய்.

கெட்ட மீன்தான் ஏட்டி. அழுகி நாறிற்று. ஆஸ்பத்திரிக்கு ஓடு.