குனிந்து கொடுத்த அளவு

அன்புள்ள என் தையல்காரிக்கு,

இங்கு நான் நலம். உன் முதுகுவலி தேவலையா? அம்மாவுக்கு மூச்சிரைப்பு குறைந்ததா?

நீ தைத்துக் கொடுத்த கோட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உடனே மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடக் கூடாது. ஓட்டல் வரவேற்பில் நிமிர்ந்து நின்றால், காலர் பிடரியில் படியாமல் விலகிப் பல்லிளிக்கிறது. மேலாளர் முகம் சுளித்தார். தெருமுனைத் தையற்கடைக்குப் போனேன்.

கடைக்காரர் என்னைச் சுற்றி வந்து பார்த்தார். "தையல்ல ஒரு குறையும் இல்ல தம்பி. குனிஞ்சு நிக்கிற ஆளுக்கு வெட்டின மாதிரி இருக்கு. அளவு எடுக்கும்போது குனிஞ்சீங்களா?"

"அவ என் நெஞ்சு உயரம்தாண்ணே. குனிஞ்சாதானே முகத்தப் பாக்க முடியும்."

மனிதர் சிரித்துவிட்டார். காலரைப் பிரித்து, கழுத்தடியில் கூடுதலாக இருந்த துணியைக் குறைத்து, மறுபடி வைத்துத் தைத்தார். இப்போது கச்சிதமாக உட்காருகிறது. நாள் முழுக்க நிமிர்ந்துதான் நிற்கிறேன். குனிந்து பார்க்க இங்கே யார் இருக்கிறார்கள்?

அந்தத் துணியில் மிச்சம் இருந்தால் ஒரு துண்டு அனுப்பு. எதற்கு என்று கேட்காதே.

வேலைக்கு நேரமாகிவிட்டது. நான் வந்ததும் அடுத்த கோட்டுக்கு அளவெடு. அதற்காக ஸ்டூலில் ஏறாதே, நான் குனிந்தே நிற்கிறேன்.

உன் நெட்டையன்